கல்லில் நின்ற எண்ணும் பள்ளியில் நில்லாச் சொல்லும்

பாட்டும் கூத்தும் தமிழின் பங்கு; கணக்கும் அறிவியலும் பிறமொழியின் பங்கு என்று கூறு பிரித்து வைத்திருப்பார் இன்றும் உளர். அவர்கள் பிறநாட்டார் அல்லர். தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழிலேயே தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களே. அவர்களுக்கு மறுமொழி கூற மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டுவதில்லை. ஓர் எண் போதும்.

அவ்வெண் 52,42,88,00,000. ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு இலக்கம். இது விண்மீன்களை எண்ணிக் கண்ட தொகை அன்று. மறவன் ஒருவன் வென்ற யானைகளின் தொகையும் அன்று. ஒரு வேலி நிலத்தை இத்தனை கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றைக் கணக்கில் எழுதி, அதற்கும் இறை கணித்த நாடு ஒன்று இருந்தது. அந்நாடு சோழநாடு. அக்கணக்கு நின்ற காலம் முதலாம் இராசராசன் காலம். 985 முதல் 1014 வரை அவன் ஆண்டான். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளைச் செருமானிய அறிஞர் ஊல்ட்சு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாகப் பதிப்பித்தபோது, அறிஞருலகம் அக்கணக்கைக் கண்டு வியந்தது. வேலியில் 52,42,88,00,000-இல் ஒரு கூறு வரை அளந்து இறை விதித்தனர் என்னும் செய்தி, அதன்பின் சோழர் வரலாறு எழுதினோர் பலராலும் எடுத்துரைக்கப்பட்டது.

ஆனால் வியந்தவர் பலர். அவ்வெண்ணை உடைத்துப் பார்த்தவர் சிலர். வியப்பு ஒருநாளில் அடங்கிவிடும். உடைத்துப் பார்த்தால் அன்றோ உள்ளிருக்கும் பருப்புப் புலனாகும்?

எண்ணை உடைத்தல்

ஓர் எண்ணின் இயல்பை அறிய வேண்டின் அதனைப் பகா எண்களாகப் பகுத்தல் வேண்டும். இஃது ஆறாம் வகுப்பு மாணவனும் அறிந்த முறை. மேற்கண்ட எண்ணின் கடைசி ஐந்து சுழிகளையும் நீக்கினால் நிற்பது 5,24,288. இதனைப் பாதியாக்கினால் 2,62,144. மீண்டும் பாதியாக்கினால் 1,31,072. இவ்வாறு பாதியாக்கிக்கொண்டே செல்லின், எங்கும் எச்சம் விழாமல் பத்தொன்பதாம் முறையில் 1 வந்து நிற்கும். நீக்கிய ஐந்து சுழிகளும் ஐந்து பத்துகள். ஒவ்வொரு பத்தும் இரண்டும் ஐந்தும் பெருகியது. ஆகவே அப்பெரிய எண் முழுவதும் இருபத்துநான்கு இரண்டுகளும் ஐந்து ஐந்துகளும் தம்முள் பெருகி நின்ற எண்ணே ஆகும். அதில் மூன்று இல்லை, ஏழு இல்லை, பதினொன்றும் பதின்மூன்றும் இல்லை. இரண்டும் ஐந்துமன்றி வேறு எந்தப் பகா எண்ணுக்கும் அங்கே இடமில்லை.

இது தற்செயலாய் அமையக் கூடியதா? ஒன்று முதல் இவ்வெண் வரையுள்ள எண்கள் அனைத்தையும் வரிசையாக நிறுத்தி, இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு பகாக் கூறு இல்லாத எண்களை மட்டும் பொறுக்கினால், ஒன்றையும் சேர்த்துக் கிடைப்பவை 300 மட்டுமே. ஐயாயிரத்து இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்களுள் வெறும் முந்நூறு! ஏறத்தாழப் பதினேழரைக் கோடிக்கு ஒன்று. அம்முந்நூற்றுள்ளும் சரிபாதி, அஃதாவது 150 எண்கள், இவ்வெண்ணை எச்சமின்றி வகுப்பவை. கண்ணை மூடிக்கொண்டு கூடையில் கையிட்டு எடுத்த எண் இத்தகைய இயல்போடு வாராது. எண்பத்தெட்டு இலக்கத்தில் ஓர் இலக்கம் பிழையாகி எண்பத்தொன்பது இலக்கம் என்று விழுந்திருந்தால், அப்போதே மூன்று உள்ளே நுழைந்து முறை குலைந்திருக்கும். ஆகலின் இவ்வெண் தன் பிறப்புக்குத் தானே சான்றாகிறது. ஒரு முறையிலிருந்தே இது பிறந்திருத்தல் வேண்டும். அம்முறை யாது?

சொல்லே சமன்பாடு

அம்முறை தமிழ்க் கீழ்வாயிலக்கம். முழு எண்கள் மேல்வாய் இலக்கம். ஒன்றிற் குறைந்த கூறுகள் கீழ்வாய் இலக்கம். இன்று 'பின்னம்' என்று பாடநூல்கள் எழுதும் வடசொல்லுக்கு முன்பே தமிழன் ஆண்டுவந்த பெயர் இது.

ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி மாகாணி. அதற்கே வீசம் என்றும் பெயர். இந்நான்கு படிகளும் பாதியாக்கும் வழி. இறுதியில் நிற்பது பதினாறில் ஒன்று. மற்றொரு வழி இருபதாகப் பகுக்கும் வழி. இருபதில் ஒன்று மா; பத்தில் ஒன்று இருமா; ஐந்தில் ஒன்று நான்மா. வேலி நிலத்தை இருபது மாவாகக் கொள்ளும் வழக்கம் இன்றும் தஞ்சைப் பக்கத்து உழவரிடம் உண்டு. அங்கே நிலவளவின் பெயரும் கீழ்வாயெண்ணின் பெயரும் ஒன்றே.

பதினாறின் வழியும் இருபதின் வழியும் எங்கே கூடும்? பதினாறுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு எண்பது. தமிழில் எண்பதில் ஒன்றுக்குத் தனிப்பெயர் உண்டு, அது காணி. நான்கு காணி ஒரு மா; ஐந்து காணி ஒரு மாகாணி. 'மாகாணி' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மா, காணி என்னும் இரண்டும் கூடி நிற்றல் புலனாகும். இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடின் எண்பதில் ஐந்து. அதுவே பதினாறில் ஒன்று. ஒரு சமன்பாட்டை ஒரே சொல்லாக்கிக் குழந்தையின் நாவில் வைத்த மொழி இது. அச்சொல்லை உணர்ந்து சொல்லும் சிறுவன், வேறு வேறு கீழெண் கொண்ட இரண்டு கூறுகளைக் கூட்டும் முறையையும் உடன் கற்றுக்கொள்கிறான்.

காணியில் பாதி அரைக்காணி, 160-இல் ஒன்று. அதிற் பாதி முந்திரி, 320-இல் ஒன்று. இவ்வளவோடு நின்றிருந்தாலும் பெரிதே. ஆனால் தமிழ்க் கணக்கர் அதற்குமேல் செய்த செயலே அறிவின் கொடுமுடி. புதிய பெயர்களைத் தேடி அலையாமல், 'கீழ்' என்னும் ஒரு சொல்லை முன்னே வைத்தனர். கீழ் என்றால், முன்சொன்ன ஒன்றுக்கு மாற்றாக இனி ஒரு முந்திரியை ஒன்றாகக் கொள்க என்பது பொருள். கீழரை என்பது முந்திரியில் அரை. கீழ்க்கால் என்பது முந்திரியில் கால். கீழ்முந்திரி என்பது முந்திரியில் முந்திரி, அஃதாவது 1,02,400-இல் ஒன்று. மேலும் நுணுக வேண்டின் மீண்டும் ஒரு 'கீழ்'. ஒவ்வொரு கீழுக்கும் அளவு 320 மடங்கு சுருங்கும். பழைய சொற்களே, புதிய அடுக்கு. பத்தடிப்படையில் ஒவ்வோர் இடம் வலப்பக்கம் நகரும்போதும் மதிப்புப் பத்தில் ஒன்றாகச் சுருங்குவது எத்தகைய ஒழுங்கோ, அத்தகைய ஒழுங்கே இது.

இப்பொழுது தஞ்சைக் கணக்கின் எண்ணுக்கு மீள்க. ஒரு கீழுக்கு 320; இரண்டுக்கு 1,02,400; மூன்றுக்கு 3,27,68,000; நான்குக்கு 1048,57,60,000. நான்காம் அடுக்கில் நின்று ஒரு நான்மாவை எடுத்தால், அஃதாவது அதனையும் ஐந்தாகப் பகுத்தால், வருவது 5242,88,00,000-இல் ஒன்று. அவ்வளவே! எண்ணுலகத்தில் மலைபோல் நிமிர்ந்து நின்ற அவ்வெண் தமிழ்ச்சொல்லில் நான்கு கீழும் ஒரு நான்மாவுமாக அடங்கிவிடுகிறது. இரண்டும் ஐந்துமே அதற்குள் இருப்பதன் கரணியமும் இதுவே. 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகியது. அது நான்கு முறை பெருகி, மேலும் ஓர் ஐந்தும் சேர்ந்தால், இரண்டுகள் இருபத்துநான்கு, ஐந்துகள் ஐந்து. பெருவிரல் வரிகளைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதுபோல், இவ்வெண்ணின் பகாக் கூறுகளைக் கொண்டு அதனை ஈன்ற மொழியை அடையாளம் காணலாம்.

அளவுகோலா, அறிவா?

இங்கே ஒரு தெளிவு வேண்டும். இன்றைய வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர். அக்கணக்கின்படி மேற்கண்ட கூறு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே இருக்கும்; ஒரு கடுகை வைக்கவும் இடம் போதாது. சோழர் காலத்து அளவுகோலால் வயற்சேற்றில் இதனை அளந்தனர் என்று எவரேனும் மேடையில் முழங்கினால், கேட்போர் நகைப்பர், நகைப்பது முறையே.

அஃது அளவுகோல் கண்ட கூறு அன்று. கணக்கு ஈன்ற கூறு. தஞ்சைக் கல்வெட்டுகள் ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து குடியிருப்பு, கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றுக்குரிய நிலத்தைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் இத்தனை கலம் நெல் என்று வகுத்துரைக்கின்றன. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கும்போது கூறு கூறோடு பெருகும். முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி; கீழ்முந்திரியைக் கீழ்முந்திரியால் பெருக்கினால் நான்காம் அடுக்கு. இடையில் எந்தப் படியிலும் 'ஏறத்தாழ' என்று சொல்லி எச்சத்தை எறிந்துவிடாதவனுக்கே இத்தகைய கூறு கிட்டும். ஆகவே இவ்வெண் காட்டுவது கண்ணின் கூர்மையை அன்று, கணக்கின் நேர்மையை. கோயிலுக்கு இறையிறுக்கும் ஊரின் கணக்கில் ஒரு துளியும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று நின்ற எழுத்தரின் அறவுணர்வை அது காட்டுகிறது. சொல்லுக்கு எட்டாத கூறு ஏதும் இல்லாததால் அவருக்கு எறிந்துவிட வேண்டிய எச்சமும் இல்லாமற் போயிற்று.

இன்றைய பதின்ம முறையில் எழுதினாலும் அக்கூறு ஒழுங்காக முடிந்துவிடும். இரண்டும் ஐந்துமே பத்தின் கூறுகள் ஆகலின், இரண்டும் ஐந்தும் மட்டுமே கொண்ட கீழெண் பதின்மத்தில் முடிவுறுதல் ஒருதலை. புள்ளிக்குப் பின் 24 இடங்கள்; முதற் பத்தும் சுழி; எஞ்சிய பதினான்கு இடங்களில் 19073486328125 என்னும் எண். அவ்வெண்ணும் பத்தொன்பது ஐந்துகள் பெருகியதே. இருபத்துநான்கு இடம் எழுதிக் காட்ட வேண்டியதைத் தமிழ்க் கணக்கன் ஐந்தே சொல்லில் சொன்னான்.

இம்முறைக்கு எல்லை இல்லையா எனின், உண்டு. ஒன்றை மூன்றாகப் பகுக்கும் கூறு இதில் முடிவுறாது. 320-இல் 106 கூறு எடுத்து, எஞ்சியதில் கீழடுக்கில் 213, அதற்கும் கீழே 106, பின்னும் 213 என்று அது முடிவின்றி மாறி மாறி ஓடும். பதின்ம முறையில் மூன்றில் ஒன்று முடிவின்றி ஓடுவதும் இதே கரணியத்தால்தான். கீழ்முந்திரிக்கு 21 இம்மி என்று கொள்ளும் வாய்பாடு இங்கே எண்ணத்தக்கது. 21 என்பது மூன்றும் ஏழும் பெருகியது. இரண்டும் ஐந்தும் எட்டாத இடத்துக்கு அது கைகொடுக்கிறது. 'இம்மியும் பிசகாமல்' என்று இன்றும் பேசும் தமிழர், தாம் ஒரு கணக்குச் சொல்லைச் சொல்கிறோம் என்பதை மறந்தே சொல்கின்றனர்.

இரண்டு பகைகள்

இத்தகைய சொற்செல்வத்துக்கு இன்று இரண்டு பகைகள். ஒன்று புறக்கணிப்பு, மற்றொன்று வெற்றுப் பெருமை.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாக ஒலித்த காலம் போயிற்று. பதினாறு அணா ஓர் உருவா என்று இருந்தவரை, ஓர் அணாவுக்கு மாகாணி உருவா என்னும் கணக்குக் கடைத்தெருவில் உயிரோடிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நூறு காசு முறை வந்தது; அதையொட்டி எடையும் அளவையும் பதின்மத்துக்கு மாறின. உலகோடு ஒத்துச் செல்ல அம்மாற்றம் வேண்டியதே. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் நாணயம் மாறியதற்காக மொழியைத் தூக்கி எறிவானேன்? அரையும் காலும் முக்காலும் எஞ்சின, அரைக்கால் தள்ளாடுகிறது, மாகாணியும் காணியும் முந்திரியும் பாடநூலில் தலைகாட்டவில்லை. முந்திரி என்றால் இன்றைய சிறுவனுக்குக் கொட்டை ஒன்றே நினைவுக்கு வரும். அவ்விடத்தில் 'பின்னங்கள்' என்றும் 'தசம எண்கள்' என்றும் வடசொற்கள் குந்தியிருக்கின்றன. கீழ்வாயிலக்கம் என்றும் பதின்மம் என்றும் சொல்ல நாக்கு வளையாதா? மீச்சிறு பொது மடங்கு என்னும் அழகிய தமிழை வகுப்பறையில் வழங்க முடிந்தவர்களுக்கு இவ்விரண்டு சொல்லும் எம்மட்டு?

மற்றொரு பகை தமிழன்பர் நடுவிலேயே வளர்கிறது. இம்மிக்குக் கீழே அணு, கதிர்முனை, நுண்மணல், தேர்த்துகள் என்று நீளும் பட்டியலை அச்சிட்டு, இன்றைய அணுவியலும் மீநுண்தொழிலும் பண்டே தமிழரிடம் இருந்தன என்று பறைசாற்றுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு கூற்றுக்குப் பெயரிடுவது வேறு. அக்கூற்றளவு உள்ள பொருளைக் கண்டு ஆய்வது வேறு. பெயர் இருந்தமைக்குப் பெருமை கொள்ளலாம். பெயர் இருந்ததனாலேயே பொருளியல்பும் தெரிந்திருந்தது என்பது பொய். ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னால், உடன் சொன்ன ஒன்பது மெய்களையும் உலகம் தள்ளிவிடும். தமிழின் பகைவர்க்கு அதைவிட வேறு உதவி வேண்டுவதில்லை. பொய்யை நாட வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை. கல்லில் வெட்டிய கணக்கு இருக்கிறது. எவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கத்தக்க மெய் இருக்கிறது.

செய்ய வேண்டுவது

2019-ஆம் ஆண்டில் உலகக் கணினி எழுத்துகளின் ஒருங்குறிப் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழ்க் கீழ்வாயிலக்கக் குறிகள் இடம்பெற்றன. முந்திரிக்குக் குறி உண்டு; காணிக்கும் மாவுக்கும் உண்டு; அளவைச் சுருக்கும் 'கீழ்' என்னும் சொல்லுக்கே தனிக்குறியும் உண்டு. உலகப் பொறிகள் இடம் கொடுத்துவிட்டன. தமிழ்நாட்டு வகுப்பறை இன்னும் இடம் கொடுக்கவில்லை. இந்நிலை தமிழாட்சி பேசுவோர் அனைவருக்கும் நாணத்தக்கது.

பழைய கணக்கை மீட்டு, பதின்மத்தை அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை அன்று. ஆறாம் வகுப்புக் கணக்கு நூலில் ஒரே ஒரு பாடம் போதும். மீச்சிறு பொது மடங்கு சொல்லிக் கொடுக்கும் இடத்தில் மாவும் காணியும் மாகாணியும் வரட்டும். பகா எண்களாகப் பகுக்கும் பயிற்சியில் தஞ்சைக் கல்வெட்டின் எண்ணைக் கொடுத்துப் பத்தொன்பது முறை பாதியாக்கச் சொல்லட்டும். அச்சிறுவன் கணக்கும் கற்பான். தன் முன்னோர் யாரென்றும் கற்பான். அதுவரை காத்திராமல், தமிழ் மன்றங்கள் தத்தம் ஊரில் மாலை வகுப்பில் இதனைத் தொடங்கலாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் அன்றி வேறு செலவில்லை.

இன்னொரு தேவையும் உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளும் ஓலைகளும் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் இச்சொற்களாலேயே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. இச்சொல் தெரியாத தலைமுறைக்கு அவை ஊமைக் கற்கள். தன் நிலத்தின் பழைய கணக்கைப் படிக்க இயலாத மக்கள், அந்நிலத்தின்மேல் தம் உரிமையை எவ்வாறு எடுத்துரைப்பர்?

ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அக்கல்வெட்டை அழிக்கவில்லை. அதைப் படிக்கும் சொல்லை இரண்டு தலைமுறை மறதி அழித்துக்கொண்டிருக்கிறது. மறதிக்கு மருந்து முழக்கம் அன்று, பயிற்சி. தமிழ்வீட்டுத் தந்தையும் தாயும் இன்றிரவே தம் பிள்ளையை அழைத்து, மாவும் காணியும் கூடினால் என்ன என்று கேட்கட்டும். மாகாணி என்று அப்பிள்ளை விடைசொல்லும் நாளில், கல்லில் நின்ற எண்ணுக்கு மீண்டும் நா முளைக்கும்.